எர்த் அடிக்கிறதா, எர்த் இல்லையா? வீட்டு எர்த்தைச் சோதிப்பதும் சரிசெய்வதும்

“பிரிட்ஜைத் தொட்டா லேசா எர்த் அடிக்குது” என்று வீட்டுக்காரர் சொல்வார். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, “எர்த் இல்லீங்க, அதான்” என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். வீட்டுக்காரர் சொல்லும் எர்த், கருவியின் உலோக உடம்பில் கசிந்து நிற்கும் மின்சாரம். எலக்ட்ரீஷியன் சொல்லும் எர்த், அந்தக் கசிவை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய பச்சைக் கம்பி. இரண்டாவது ஒழுங்காக இருந்தால் முதலாவது அநேகமாகக் கைக்குத் தெரியாது.

பேச்சில் இன்னும் சில வகைகளும் புழங்குகின்றன. “மோட்டார் எர்த் ஆயிடுச்சு” என்றால் உள்ளே காயில் ஒயரின் இன்சுலேஷன் போய், பேஸ், அதாவது மின்சாரம் வரும் கம்பி, மோட்டாரின் உடம்பைத் தொட்டுவிட்டது. “எர்த் போடணும்” என்றால் குழி வெட்டிக் குழாய் இறக்க வேண்டும். “எர்த் விட்டுப்போச்சு” என்றால் குழிக்கும் சாக்கெட்டுக்கும் இடையே எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. பைக், கார் மெக்கானிக் சொல்லும் “பாடி எர்த்” வேறு சமாச்சாரம். அது பேட்டரியின் மைனஸ் முனையை வண்டியின் சட்டத்தோடு இணைப்பது. அதற்கும் மண்ணுக்கும் சம்பந்தமில்லை. இங்கே பார்க்கப்போவது வீட்டு எர்த்தை மட்டும்.

மூன்றாவது கம்பி என்ன செய்கிறது

கம்பத்திலிருந்து சிங்கிள் பேஸ் வீட்டுக்கு வருவது இரண்டு கம்பிகள்: மின்சாரம் வரும் பேஸ், அது திரும்பிப் போகும் நியூட்ரல். தெருக்கோடி டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் தரையில் நிற்கும் ஒருவர் பேஸை மட்டும் தொட்டாலும் ஷாக் அடிக்கிறது. அவர் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும் மின்சாரம் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிவிடுகிறது.

எர்த் கம்பி வீட்டிலேயே தொடங்குகிறது. வாசல் ஓரக் குழியிலிருந்து மெயின் போர்டுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு மூன்று பின் சாக்கெட்டின் மேல் ஓட்டைக்கும், பிளக் வழியாகக் கருவியின் உலோக உடம்புக்கும் வருகிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது அதில் மின்சாரம் ஓடாது. பேஸ் உடம்பைத் தொட்டுவிட்டால், கசியும் மின்சாரம் மனிதரைத் தேடாமல் இந்தக் கம்பி வழியாக மண்ணுக்குப் போகும்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். பலர் விட்டுவிடும் கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் குழியின் தடை 5 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த்தின் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல எர்த் இது. பேஸ் முழுதாகப் பிரிட்ஜின் உடம்பைத் தொட்டால் ஓடும் மின்சாரம் 230 ÷ 7, அதாவது சுமார் 33 ஆம்பியர். எம்சிபி என்பது மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். 32 ஆம்பியர் எம்சிபி இதற்கு அசையவே அசையாது. 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமானால் 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 33 ஆம்பியரில் அது சூடேறி விழுவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை பிரிட்ஜின் உடம்பில் நிற்பது 33 × 5, கிட்டத்தட்ட 165 வோல்ட்.

ஆகவே “நல்ல எர்த் போட்டாச்சு, இனி பயமில்லை” என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஆர்சிசிபி, அதாவது கசிவைக் கண்டதும் விழும் சுவிட்ச். பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது சதா ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். கசிவு பெரிதாக இருந்தால் 0.04 விநாடியே போதும். எர்த் 100 ஓமாக இருந்தாலும், 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசியும்போது கருவியின் உடம்பில் ஏறுவது வெறும் 3 வோல்ட்.

எர்த் இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் போட்டால் என்ன? அப்போதும் விழும். ஆனால் யாராவது தொட்ட பிறகுதான் விழும், ஏனென்றால் கசிவு போவதற்கு வேறு வழி கிடையாது. எர்த் இருந்தால் கசிவு தொடங்கியதுமே, யார் கையும் படும் முன்பே விழுந்துவிடும். ஒருவர் ஒரு கையால் பேஸையும் மறுகையால் நியூட்ரலையும் பிடித்துவிட்டால் இரண்டாலும் காப்பாற்ற முடியாது. அந்த மின்சாரம் ஆர்சிசிபியின் கண்ணுக்கு ஒரு பல்பு எரிவதைப் போலத்தான்.

சாக்கெட்டைச் சோதிக்கும் முறை

சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த், கீழே வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட்டில் வைத்து, சுவிட்சைப் போட்டு, மூன்று ஜோடிகளையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புரோபின் உலோக முனையில் விரல் படக் கூடாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கவும் கூடாது.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230ஐ ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வருவதுதான் கதையைச் சொல்லும் அளவு. ஒன்றிரண்டு வோல்ட் இயல்பு. ஹீட்டர், ஏசி ஓடும்போது மட்டும் அது 8, 10 என்று ஏறினால் நியூட்ரல் இணைப்பு எங்கோ லூசாக இருக்கலாம். பேஸ்–எர்த் 120, நியூட்ரல்–எர்த் 110 என்று பாதிப்பாதியாகக் காட்டினால் எர்த் கம்பி எதிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. லோடு ஓடும்போதும் சுத்தமாக 0.0 காட்டினால் மகிழ்ந்துவிட வேண்டாம். யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் பக்கத்திலேயே முறுக்கி வைத்திருக்கலாம். அது ஏன் ஆபத்து என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நியூட்ரல்–பேஸ் இடம் மாறியிருந்தால் இடப்பக்கத்துக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டும். கருவி ஓடும், ஆனால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும், அணைத்த பிறகும் பேஸ் கருவிக்குள் நின்றுகொண்டே இருக்கும்.

டிஜிட்டல் மல்டிமீட்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. மிகச் சிறிய மின்சாரத்திலேயே அது அளந்துவிடும். ஆயிரம் ஓம் தடையுள்ள, துருப்பிடித்த எர்த்தும் மீட்டரில் 230 வோல்ட் காட்டி நல்ல பெயர் வாங்கிவிடும். அதைப் பிடிக்க குண்டு பல்புதான் வேண்டும். 60 வாட் இழை பல்பை ஹோல்டரில் போட்டு, இரண்டு ஒயர் நீட்டி டெஸ்ட் லேம்ப் செய்வார்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பாதி வோல்ட்டேஜிலும் அதே வெளிச்சம் தரும்படி பல எல்இடிகள் செய்யப்படுகின்றன. அது ஏமாற்றிவிடும்.

இந்தச் சோதனைக்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். வீட்டிலுள்ள எல்லா மூன்று பின் பிளக்குகளையும் உருவிவிடுங்கள். மோட்டார், ஏசி, ஹீட்டர் போல நேரடியாக இணைத்தவற்றை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் இதுதான்: எல்லாச் சாக்கெட்டின் எர்த்தும் ஒரே கம்பி. குழிப் பக்கம் அது அறுந்திருந்தால், நீங்கள் பல்பு வழியாகச் செலுத்தும் பேஸ் மண்ணுக்குப் போகாமல் பக்கத்து அறை வாஷிங் மெஷினின் உடம்பில் போய் நிற்கும். பல்புச் சோதனை தெரிந்தவர்களுக்கே இது பல நேரம் தெரிவதில்லை. கை பழகாதவர்கள் இதை வயர்மேனிடம் விட்டுவிடுவது நல்லது.

பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பு நன்றாக எரிந்தால் எர்த் இருக்கிறது. மங்கலாக எரிந்தால் எர்த்தின் தடை சில நூறு ஓம். எரியவே இல்லையென்றால் அறுந்திருக்கிறது. ஆனால் நன்றாக எரிவதை வைத்து அது 5 ஓமா 40 ஓமா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். பல்பை இணைக்கும் முன் நியூட்ரல்–எர்த் வோல்ட்டேஜைக் குறியுங்கள். பல்பு எரியும்போது மறுபடி குறியுங்கள். 60 வாட் பல்பு இழுப்பது 0.26 ஆம்பியர். முன்பு 1.5, இப்போது 7 வோல்ட் என்றால் வித்தியாசம் 5.5, அதை 0.26ஆல் வகுத்தால் 21 ஓம். இது உங்கள் குழி, இடையிலுள்ள கம்பி, டிரான்ஸ்பார்மர் எர்த் எல்லாம் சேர்ந்த தடை. துல்லியம் குறைவு என்றாலும் குழிக்குச் செலவு செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போதும்.

ஆர்சிசிபி உள்ள வீட்டில் பல்பு எரியாது. வைத்த உடனே ஆர்சிசிபி விழும். இரண்டும் உயிரோடு இருப்பதற்கு அதுவே சாட்சி. எர்த்தின் தரத்தை அறிய எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் குழிக் கம்பியைக் கழற்றிவிட்டு, 25 மீட்டர் தள்ளி ஒரு முளையும், அதே கோட்டில் சுமார் 15 மீட்டரில் இன்னொரு முளையும் அடித்து அளப்பார். முளையை வீட்டுச் சுவர் ஓரமாக நாலடியில் அடித்துவிட்டு “ரெண்டு ஓம் வருது” என்று சொன்னால் நம்ப வேண்டாம். குழிக்கு அவ்வளவு பக்கத்தில் அளந்தால் தடை குறைவாகத்தான் காட்டும்.

ஆர்சிசிபியின் மேல் உள்ள டெஸ்ட் பட்டனைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அதை அழுத்தி விழுந்தால் உள்ளே இயந்திரம் வேலை செய்கிறது என்று மட்டும்தான் பொருள். அந்தச் சோதனை உள்ளேயே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக நடக்கிறது. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் அது விழும். இருந்தாலும் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். வருடக்கணக்காக அசையாத ஆர்சிசிபி ஒட்டிக்கொண்டுவிடுவதுண்டு.

எல்லா ஷாக்கும் கசிவல்ல

லேப்டாப்பின் உலோக மூடியிலோ டெஸ்க்டாப் கேபினட்டிலோ விரலை மெதுவாக ஓட்டினால் நறநறவென்று ஒரு கூச்சம் தெரியும். கருவி பழுதில்லை. உள்ளே பவர் சப்ளையில் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள், மின் இரைச்சலை வடிகட்ட. எர்த் இல்லாதபோது உடம்பு இரண்டுக்கும் நடுவில் நின்று, சுமார் 115 வோல்ட் காட்டும். ஓடும் மின்சாரம் மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் கூச்சத்தோடு நின்றுவிடுகிறது. சாக்கெட்டில் எர்த் வந்ததும் இது தானாக மறையும்.

நியான் டெஸ்டரும் இதே காரணத்தால் குழப்பும். அது ஒளிர மிகச் சிறிய மின்சாரம் போதும். பிரிட்ஜின் மேல் வைத்து ஒளிர்ந்தால் அங்கே அநேகமாக எர்த் இல்லை. கசிவு சின்னதா உயிரை வாங்கும் அளவா என்று அதிலிருந்து தெரியாது. ஒளிராவிட்டால் பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

சுடுநீர் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின், கிரைண்டர் ஆகியவற்றில் ஷாக் அடித்தால் அது வேறு ரகம். பிளக்கை உருவிவிட்டு, மல்டிமீட்டரை மெகா ஓமில் வைத்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்களுக்கும் இடையே அளக்க வேண்டும். கருவியின் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கட்டும். பல மெகா ஓம் அல்லது எல்லையில்லாமல் காட்ட வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எலிமென்ட்டிலோ மோட்டாரிலோ ஈரம் புகுந்திருக்கலாம். மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கிறது என்பதால் சில பழுதுகள் தப்பிவிடும்; கடைக்காரரிடம் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருந்தால் அதில் பார்ப்பது நிச்சயம்.

செய்யக் கூடாதவை

சாக்கெட்டின் பின்னால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சின்ன ஒயர் துண்டு போட்டு “எர்த் கொடுத்தாச்சு” என்பது மிகப் பரவலான ஏமாற்று வேலை. டெஸ்டரிலும் மீட்டரிலும் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஒரு மழைநாளில் கம்பத்திலோ மீட்டரிலோ நியூட்ரல் மட்டும் அறுந்தால் என்ன ஆகும்? சுவிட்ச் போட்டிருக்கும் ஏதாவது ஒரு மின்விசிறி வழியாகப் பேஸ் நியூட்ரல் கம்பிக்கு வரும். அங்கிருந்து அந்த ஒயர் துண்டு வழியாகப் பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்புக்கும் வரும். வீட்டில் விளக்கு எரியாது, ஆனால் தொட்டால் 230 வோல்ட். கம்பத்தில் பேஸும் நியூட்ரலும் மாற்றிக் கட்டப்பட்டால் இதைவிட மோசம்.

தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவது இரும்புக் குழாய் காலத்துப் பழக்கம். இப்போது நடுவில் எங்கோ பிவிசி குழாய் இருக்கும். உங்கள் வீட்டுக் கசிவு அந்தத் துண்டுக் குழாயில் நின்று, மாடிவீட்டுக் குழாயைத் திறப்பவருக்கு அடிக்கும்.

மூன்று பின் பிளக்கை இரண்டு ஓட்டைச் சாக்கெட்டில் செருக எர்த் பின்னை உடைப்பதும், மூன்றை இரண்டாக்கும் அடாப்டர் போடுவதும் இதே ரகம்தான். சதுரத்துக்குள் சதுரம் குறியிட்ட கருவிகளுக்கு மட்டும் எர்த் தேவையில்லை. அவை இரட்டை இன்சுலேஷன் உள்ளவை. பெரும்பாலான மொபைல் சார்ஜர்கள் இந்த வகை. எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: செருகும்போது முதலில் அது சேர வேண்டும், உருவும்போது கடைசியில் விட வேண்டும். பிளக்கை மாற்றும்போதும் அதே யோசனை. உள்ளே பச்சை அல்லது பச்சை–மஞ்சள் ஒயரை மற்ற இரண்டையும்விட ஒரு சென்டிமீட்டர் நீளமாக விட்டு முடுக்குங்கள். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தால் பேஸ் முதலில் பிய்ந்துவிடும், எர்த் கடைசிவரை நிற்கும்.

எர்த் கம்பியில் எங்கும் பியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது.

குழி போடும்போது

குழாய் எர்த்துக்கு 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 2.5 மீட்டர் நீளமான ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வழக்கம். குழி அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி, ஈரம் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். துணி துவைக்கும் கல்லுக்கும் தென்னைக்கும் பக்கமானால் நல்லது. குழாயைச் சுற்றிக் கரித்தூளும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்புவார்கள். மேலே புனல், சிறு தொட்டி, மூடி. கோடையில் அதன் வழியாகத் தண்ணீர் ஊற்றத்தான்.

மண்ணைப் பொறுத்துத்தான் எல்லாம். ஈரக் களிமண்ணில் இப்படி ஒரே குழாய் 4 முதல் 7 ஓம் வரை தரும். சுமாரான மண்ணில், அதாவது மண்ணின் மின்தடைமை 100 ஓம்-மீட்டராக இருந்தால், கரியும் உப்பும் இல்லாமல் அது 35 ஓம். பாறையும் காய்ந்த மணலுமான இடத்தில் நூற்றுக்கணக்கில் போகும். தடையைக் குறைக்கப் பருத்த குழாய் வாங்குவது வீண்செலவு: விட்டத்தை இரட்டித்தால் 35 ஓம் 31 ஆகும், அவ்வளவுதான். அதே குழாயை 5 மீட்டர் இறக்கினால் 20க்கு வந்துவிடும். ஆழம் போக முடியாத இடத்தில் இரண்டாவது குழாய் போடலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே குழாய் நீளத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 5 மீட்டர் இடைவெளி வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நட்டால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும், பலன் பாதிகூட வராது.

உப்பு மழையில் கரைந்து போகும், ஜிஐ குழாயையும் அரிக்கும். பழைய வீடுகளில் தரைமட்டத்தில் குழாயும் கம்பியும் சேரும் இடம்தான் முதலில் போகும். பார்க்க முழுசாக இருக்கும், கையால் இழுத்தால் துருவோடு வந்துவிடும். அங்கே கம்பியைச் சுற்றி முறுக்கிவிடக் கூடாது. கிளாம்ப், போல்ட், வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். செம்பு ஒயரை நேரடியாக ஜிஐயில் வைத்தால் ஈரத்தில் ஜிஐ அரித்துப்போகும். ஈயம் பூசிய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வழியாக இணைப்பது முறை. குழியிலிருந்து மெயின் போர்டுவரை 8 கேஜ் ஜிஐ கம்பி, உள்ளே பவர் சாக்கெட்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4. பொதுவாக, பேஸ் ஒயர் எந்த அளவோ எர்த் ஒயரும் அதே அளவு.

தடையை அளப்பதற்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே. ஐப்பசி மழையில் அளந்தால் எந்தக் குழியும் நல்ல குழிதான்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால்

“தொல்லை தாங்கல” என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது விழுவதற்குக் காரணம் கண்டுபிடிப்பது அரைமணி நேர வேலை. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த வரிசையில் பிளக்குகளை உருவி ஒவ்வொன்றாகச் செருகினால் கருவி மாட்டும். முதல் சந்தேகம் ஹீட்டர் மீது, அடுத்து வெளிச்சுவர் விளக்கும் மொட்டைமாடி மோட்டாரும்.

எல்லா எம்சிபியும் இறங்கியிருக்கும்போதே விழுந்தால்? ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும். ஆகவே நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது: மேலே சொன்ன ஒயர் துண்டாகவோ, சுவரில் ஆணி அடித்ததாகவோ இருக்கலாம். இன்வெர்ட்டர் வந்த பிறகு விழத் தொடங்கினால், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலந்திருப்பார்கள்.

வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர், சில பெட்டிகளில் 0.03 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் தீவிபத்தைத் தடுக்க. ஆளைக் காப்பாற்ற ஆகாது. ஆம்பியர் அளவு, சிங்கிள் பேஸ் வீட்டுக்கு, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் ‘டூ போல்’ வகையில் 40 அல்லது 63, மெயின் சுவிட்சின் அளவுக்குக் குறையாமல். ஓவர்லோடை அது பார்க்காது என்பதால் எம்சிபியும் கூடவே வேண்டும்.

வாடகை வீட்டில் குழி வெட்ட முடியாது, உரிமையாளரும் அசையமாட்டார் என்றால், முதல் செலவு ஆர்சிசிபிதான். மெயின் சுவிட்சுக்கு அடுத்து வயர்மேன் அதை மாட்டிவிடுவார். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம். குளியலறை ஹீட்டரைக் குளிக்கும் முன் அணைத்துவிடுங்கள். பிரிட்ஜுக்கு முன்னால் ரப்பர் மேட் போடுவது கூச்சத்தை மறைக்கும், கசிவை நிறுத்தாது.